கருந்துளைக்குள் இருப்பதும் 2045-இல் வரப்போவதும் ஒன்றா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதியபோது ‘சிங்குலாரிட்டி’ என்ற சொல் போகிற போக்கில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: யூடியூபில் ஒருவர் கருந்துளையின் நடுவில் சிங்குலாரிட்டி இருக்கிறது என்கிறார். இன்னொருவர் 2045-இல் சிங்குலாரிட்டி வரப்போகிறது, அதோடு மனிதனின் கதை முடிந்தது என்கிறார். இரண்டும் ஒன்றா? – ஒரு வாசகர், திருச்சி

ஒன்றில்லை. ஆனால் இரண்டு பேருமே சொல்லைக் கணிதத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஒன்று என்ற எண்ணை எடுத்துக்கொண்டு அதைச் சிறிய சிறிய எண்களால் வகுத்துக்கொண்டே வாருங்கள். 0.1-ஆல் வகுத்தால் 10, 0.001-ஆல் வகுத்தால் 1,000, அப்படியே ஏறிக்கொண்டே போகும். பூஜ்ஜியத்தால் வகுத்தால்? விடை கிடையாது. அதுவரை ஒழுங்காக விடை சொல்லிக்கொண்டிருந்த சமன்பாடு ஓரிடத்தில் கையை விரித்துவிடுகிறது பாருங்கள், அந்த இடம்தான் சிங்குலாரிட்டி. தமிழில் ஒருமைப்புள்ளி என்று எழுதுபவர்கள் உண்டு.

ஆகவே சிங்குலாரிட்டி என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சமன்பாட்டில் என்று. அடுத்து, கையை விரித்தது சமன்பாடு மட்டும்தானா, இயற்கையும் அங்கே அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று. இயற்பியலில் இந்த இரண்டாவது கேள்விக்கு ஐம்பது வருஷம் பாடுபட்டார்கள்.

ஐன்ஸ்டைன், ஈர்ப்பை விளக்கும் தன் பொதுச் சார்பியல் சமன்பாடுகளை முடித்தது 1915 நவம்பரில். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். போட்ஸ்டாம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட், ஜெர்மன் ராணுவத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்து, 42 வயதில் போர்முனையில் இருந்தார். அங்கிருந்தபடியே, ஒரு கோளவடிவப் பொருளைச் சுற்றிக் காலமும் வெளியும் எப்படி வளையும் என்பதற்குத் துல்லியமான விடையைக் கண்டுபிடித்து, டிசம்பர் 22 அன்று ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். சமன்பாடு வெளிவந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மறு வருஷம் மே 11 அன்று கடுமையான தோல் நோயால் இறந்துபோனார்.

அவருடைய விடை இரண்டு இடங்களில் உடைகிறது. ஒன்று நட்டநடுவில். இன்னொன்று நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில்: சூரியனின் நிறைக்கு அது 3 கிலோமீட்டர், பூமியின் நிறைக்கு வெறும் 9 மில்லிமீட்டர்.

கேள்வி: அந்த 3 கிலோமீட்டர் எல்லையைத்தானே நிகழ்வெல்லை என்கிறோம்? அங்கே நேரம் நின்றுவிடும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் அதுவும் சிங்குலாரிட்டிதானே? – இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

நல்ல கேள்வி. (நிகழ்வெல்லை என்பது, தாண்டி உள்ளே போனால் ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லை.) பெரிய பெரிய ஆட்களே ரொம்ப வருஷம் இதில் குழம்பிக் கிடந்தார்கள். வட துருவத்தில் நிற்பவருக்கு எந்தத் தீர்க்கரேகை? எல்லாத் தீர்க்கரேகையும் அங்கே வந்து கூடுவதால் விடை சொல்ல முடியாது. அதற்காக அங்கே பூமி கிழிந்தா கிடக்கிறது? நாம் போட்ட கோடுகள் அந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நிகழ்வெல்லையும் அப்படித்தான். ஷ்வார்ட்ஸ்ஷில்ட் பயன்படுத்திய ஆயங்கள், அதாவது இடத்தையும் நேரத்தையும் குறிக்க அவர் போட்ட கோடுகள், அங்கே ஒத்துவரவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பாதிரியார் லெமெத்ர் 1933-லேயே இதைக் கண்டுகொண்டார். பிறகு 1958-இல் ஃபிங்கல்ஸ்டைனும் 1960-இல் க்ரஸ்கலும் வேறு ஆயங்களைப் போட்டு, அந்த எல்லையில் கோளாறு ஒன்றும் இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டினார்கள்.

நேரம் நிற்பது, வெளியே தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டும். விழுகிறவரின் கடிகாரம் ஒழுங்காக ஓடும். பெரிய கருந்துளை என்றால், எல்லையைத் தாண்டியதே அவருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் தாண்டிய பிறகு அவருக்குக் கிடைக்கும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சூரிய நிறையுள்ள கருந்துளையில் அது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துண்டுகளில் வெறும் 15. நம் பால்வழி மண்டலத்தின் நடுவில், சூரியனைப்போல் சுமார் 43 லட்சம் மடங்கு நிறையோடு உட்கார்ந்திருக்கும் கருந்துளையில் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். 2019 ஏப்ரல் 10 அன்று படம் வெளியானதே, எம்87 மண்டலத்தின் கருந்துளை, அது சூரியனைப்போல் 650 கோடி மடங்கு. அங்கே ஏறத்தாழ 28 மணி நேரம். (சுழலாத கருந்துளை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.) கையில் எவ்வளவு பெரிய ராக்கெட் இருந்தாலும் இதற்கு மேல் ஒரு நொடிகூட நீட்டிக்க முடியாது. ஏனென்றால் உள்ளே போனவருக்கு அந்த நடு என்பது சுற்றிப்போய்த் தப்பிக்கக்கூடிய ஓர் இடமாக இருக்காது. அவருடைய எதிர்காலத்தில் வரும் ஒரு கணமாக இருக்கும். நாளைக் காலையை யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாதல்லவா? கருந்துளைகளைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

அந்தப் படத்தில் தெரிந்தது சிங்குலாரிட்டி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் சுழலும் சூடான வாயுவின் ஒளியும், நடுவே கருந்துளையின் நிழலும்தான் அதில் இருக்கின்றன.

கேள்வி: யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. பிறகு அது இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? முடிவில்லாத அடர்த்தி என்பதெல்லாம் உண்மையா? – ஆசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

1939-இல் ஓப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் ஸ்னைடரும் ஒரு கணக்குப் போட்டார்கள். அழுத்தமே இல்லாத, பிசிறில்லாத கோளமான ஒரு நட்சத்திரம் தன் எடையிலேயே உள்வாங்கினால் என்ன ஆகும்? எல்லாம் நடுவில் போய்ச் சேர்ந்துவிடும். இதற்கு வந்த மறுப்பும் நியாயமானதுதான். நிஜ நட்சத்திரம் அவ்வளவு சீராகவா இருக்கும்? சுழலும், கோணலாக இருக்கும். உள்ளே விழும் பொருளெல்லாம் ஒரே புள்ளியில் மோதாமல் ஒன்றையொன்று தவறவிட்டுக் கடந்து போகலாமே? மாஸ்கோவில் லிஃப்ஷிட்ஸும் கலத்னிகாவும் 1963-இல் அப்படித்தான் வாதிட்டார்கள்.

இந்த இடத்தில் கல்கத்தாக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமல்குமார் ராய்சௌதுரி. 1955-இல் அவர் வெளியிட்ட ஒரு சமன்பாடு, பக்கத்துப் பக்கத்தில் போகும் பாதைகள் ஈர்ப்பினால் எப்படி நெருங்கிக் குவிகின்றன என்பதைச் சொல்கிறது. கோளமாக இருக்க வேண்டும், சீராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. ஈர்ப்பு கவரும்போது பாதைகள் குவியும், குவிந்தால் மேலும் குவியும், அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பொதுச் சார்பியல் பாடத்தில் ராய்சௌதுரி சமன்பாடு என்றே சொல்லித்தருகிறார்கள். ஐன்ஸ்டைன் பெயர் தெரிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இவர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

1964-இல் லண்டனில் ஒரு சாலையைக் கடக்கும்போது ஆங்கிலேயக் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸுக்கு ஒரு யோசனை தட்டியது. ஒளியை வெளிநோக்கி அனுப்பினாலும் அது உள்நோக்கியே இழுக்கப்படும் ஒரு மூடிய பரப்பை எண்ணிப் பாருங்கள். சிறைப்பட்ட பரப்பு என்று அதைச் சொல்லலாம். அப்படி ஒரு பரப்பு உருவாகிவிட்டால், உள்ளே இருப்பது எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி, சிங்குலாரிட்டி தவிர்க்க முடியாதது என்று அவர் நிரூபித்தார். 1965 ஜனவரியில் வந்த அந்தக் கட்டுரை மூன்றே பக்கம். அதில் அச்சாணி, பாதைகள் குவியும் கணக்கு. பின்னர் ஹாக்கிங் அதே வழியை அண்டத்தின் தொடக்கத்துக்குத் திருப்பிப் பயன்படுத்தினார். பென்ரோஸுக்கு 2020-இல், 89 வயதில், நோபல் கிடைத்தது. ராய்சௌதுரி 2005-லேயே காலமாகிவிட்டார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பென்ரோஸின் தேற்றம் ‘முடிவில்லாத அடர்த்தி’ என்று எங்கேயும் சொல்வதில்லை. ‘ஒரு புள்ளி’ என்றும் சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம், ஏதோ ஒரு பாதை மேற்கொண்டு நீட்டிக்க முடியாமல் முடிந்துவிடுகிறது என்பதுதான். 1963-இல் ராய் கெர் கண்டுபிடித்த, சுழலும் கருந்துளைக்கான விடையில் சிங்குலாரிட்டி ஒரு வளையமாக இருக்கிறது. அதற்கும் மேல், ஒரு மீட்டரை 10-இன் 35-ஆவது அடுக்கால் வகுத்தால் வரும் அளவுக்குப் பக்கத்தில் போனால் குவாண்டம் விளைவுகளை ஒதுக்க முடியாது. பொதுச் சார்பியலோ அவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால் இயற்பியலாளர்களில் பெரும்பாலானோர் சிங்குலாரிட்டியை ‘இந்தக் கோட்பாட்டின் ஆட்சி இதுவரைதான்’ என்ற அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அப்பால் ஆளப்போகும் கோட்பாடு இன்னும் கைக்கு வரவில்லை.

கேள்வி: நம்ம சந்திரசேகருக்கு இதில் பங்கு உண்டா? – கல்லூரி மாணவர், சென்னை

உண்டு, அதுவும் முதல் படியில். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு 19 வயது. அந்தப் பயணத்தில் போட்ட கணக்கு பின்னால் வளர்ந்து, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) தாங்கி நிற்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதை எல்லோர் முன்பும் மறுத்து, நட்சத்திரம் இப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றார். அப்படி விதி ஒன்றும் இல்லை. வெண்குள்ளனுக்கு அடுத்து நியூட்ரான் நட்சத்திரம் என்று ஒரு நிலை உண்டு. அதற்கும் ஒரு நிறை வரம்பு உண்டு. அதையும் தாண்டினால் கருந்துளைதான். சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983-இல்.

கேள்வி: சரி, இந்தச் சொல்லைத் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவந்தது யார்? – மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் என்று சொல்லலாம். அவர் 1957-இல் இறந்தார். மறு வருஷம் அவருடைய நண்பர், கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம், எழுதிய நினைவுக் கட்டுரையில் ஓர் உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். தொழில்நுட்பம் மேலும் மேலும் வேகமெடுப்பதைப் பார்த்தால், மனித குலத்தின் வரலாறு ஏதோ ஒரு சிங்குலாரிட்டியை நெருங்குவதுபோல் தோன்றுகிறது, அதற்குப் பிறகு நாம் அறிந்த வாழ்க்கை தொடர முடியாது என்பது பேச்சின் சாரம். கவனியுங்கள், ‘நெருங்குவதுபோல் தோன்றுகிறது’. கணிதக்காரர்களின் எச்சரிக்கை அதில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அடுத்து 1965-இல், கணிதவியலாளர் ஐ. ஜே. குட். போர்க்காலத்தில் ப்ளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங்கோடு சங்கேதங்களை உடைத்தவர். மனிதனைவிட நன்றாக இயந்திரம் வடிவமைக்கும் ஓர் இயந்திரம் வந்துவிட்டால், அது தன்னைவிடச் சிறந்ததை உருவாக்கும், அது அதைவிடச் சிறந்ததை, இப்படி அறிவு வெடித்துக் கிளம்பும் என்றார். மனிதன் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் போட்டார்: அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று நமக்குச் சொல்லித்தரும் அளவுக்கு அந்த இயந்திரம் பணிவாக இருந்தால்.

1993 மார்ச்சில், நாசா நடத்திய ஒரு கருத்தரங்கில் வெர்னர் விஞ்சி என்ற கணினியியல் பேராசிரியர், அறிவியல் புனைகதையும் எழுதியவர், முப்பது வருஷத்துக்குள் மனிதனை விஞ்சும் அறிவை உருவாக்கும் வழி நம் கையில் இருக்கும் என்றார். 2005-க்கு முன்போ 2030-க்குப் பின்போ அது நடந்தால் ஆச்சரியப்படுவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். 2005-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் ஒரு புத்தகம் எழுதி 2045 என்று தேதி குறித்தார். திருச்சி வாசகர் கேட்ட 2045 அதுதான்.

இந்த இருவரும் சொல்வதும் ஒன்றில்லை. விஞ்சியின் கவலை, நம்மைவிடப் பெரிய அறிவு வந்த பிறகு என்ன நடக்கும் என்று நம்மால் எட்டிப்பார்க்கவே முடியாது என்பது. கருந்துளையில் அதற்கு ஒப்பானது வெளியிலுள்ள நிகழ்வெல்லை, நடுவிலுள்ள சிங்குலாரிட்டி இல்லை. கர்ஸ்வைலோ வளர்ச்சிக் கோட்டை நீட்டிப் பார்த்துச் சொல்கிறார்.

கேள்வி: கோட்டை நீட்டினால் என்ன தப்பு? சிப்பின் திறன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் முடிவிலிதானே? – அதே வாசகர்

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிப்பாகும் எதுவும் முடிவிலியைத் தொடுவதே இல்லை. அம்பலப்புழைப் பால்பாயசத்துக்குச் சொல்லும் கதை தெரியும்தானே, சதுரங்கக் கட்டத்தில் அரிசியை இரட்டித்து இரட்டித்து வைப்பது? 64-ஆவது கட்டத்தில் ஏறத்தாழ 92,000 கோடி கோடி அரிசி. மிரட்டும் எண்தான், ஆனால் எண். 65-ஆவது கட்டம் இருந்தால் அதற்கும் ஓர் எண் உண்டு. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் விடை வரும். சமன்பாடு எங்கேயும் கையை விரிக்காது. கர்ஸ்வைல் வளர்ச்சி விகிதமே ஏறுகிறது என்று வாதிடுகிறார். ஆனாலும் அவருடைய 2045-இல் இருப்பது முடிவிலி இல்லை, மனித அறிவு மொத்தத்தையும்போல் நூறு கோடி மடங்கு என்ற ஓர் எண்தான்.

உண்மையான சிங்குலாரிட்டி வேண்டுமென்றால் இரட்டிப்பாகும் காலமே சுருங்கிக்கொண்டு வர வேண்டும். முதல் இரட்டிப்புக்கு 40 வருஷம், அடுத்ததற்கு 20, அடுத்து 10, அடுத்து 5. எத்தனை முறை இரட்டித்தாலும் மொத்தக் காலம் 80 வருஷத்தைத் தாண்டாது. ஆக, 80-ஆவது வருஷத்தில் முடிவிலி.

இப்படி ஒரு கணக்கை நிஜமாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1960-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹைன்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டரும் இரண்டு சகாக்களும், அதுவரை கிடைத்த உலக மக்கள்தொகை மதிப்பீடுகளைச் சேகரித்தார்கள். அந்த எண்ணிக்கைக்கு மிக அழகாகப் பொருந்தும் ஒரு சூத்திரமும் கிடைத்தது. 2026.87 என்ற எண்ணிலிருந்து நமக்கு வேண்டிய வருஷத்தைக் கழியுங்கள், வருவதற்கு 0.99 அடுக்கு போட்டு, அதனால் 17,900 கோடியை வகுங்கள். அவ்வளவுதான். 2026.87 என்பது 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வகுக்கும் எண் பூஜ்ஜியம், மக்கள்தொகை முடிவிலி. அந்தத் தேதியையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

போட்டுப் பாருங்கள். 1960-க்குச் சூத்திரம் சொல்வது சுமார் 280 கோடி, உண்மையில் 300 கோடிக்குப் பக்கம். 2000-க்குச் சூத்திரம் 690 கோடி, உண்மையில் 610-ஐ ஒட்டி. அவ்வளவு மோசமில்லை. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது என்று ஐ.நா. அறிவித்தது; அதே மாதத்துக்குச் சூத்திரம் 4,500 கோடிக்கு மேல் சொல்கிறது.

நடுவில் என்ன ஆயிற்று? வளர்ச்சி விகிதம் 1960-களில் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் போய் உச்சம் தொட்டு, இறங்க ஆரம்பித்து, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. பெண்கள் படித்தார்கள், கைக்குழந்தைகள் சாவது குறைந்தது, கருத்தடை கைக்கெட்டியது. பாட்டிக்கு எட்டுப் பிள்ளை, அம்மாவுக்கு மூன்று, நமக்கு ஒன்றோ இரண்டோ என்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடந்ததுதான் உலகத்திலும் நடந்தது. சூத்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கோட்டின் வடிவம் மட்டும். நூற்றுக்கணக்கான வருஷங்களுக்குப் பொருந்திய கோடாகவே இருந்தாலும் சரி, அதன் பின்னாலிருக்கும் காரணம் மாறினால் கோடும் திரும்பிவிடும்.

கேள்வி: மக்கள்தொகை வேறு. ஏஐ இப்போது ஏஐ-க்கே நிரல் எழுதுகிறது. குட் சொன்னது நடக்க ஆரம்பித்துவிட்டது இல்லையா? – ஆய்வு மாணவர், பெங்களூரு

உங்கள் வாதத்தை நான் மதிக்கிறேன். இருப்பதிலேயே வலுவான வாதம் அதுதான். தன் வெளியீடே தனக்கு உள்ளீடாகும் எதிலும் இரட்டிப்புக் காலம் சுருங்க வாய்ப்பு உண்டு. ஆனால் அடுத்த படி ஏறுவதற்கான உழைப்பு எவ்வளவு கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிகோலஸ் ப்ளூம் முதலிய நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: சிப்பின் அடர்த்தியை இரட்டிப்பாக்க 1970-களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப்போல் 18 மடங்குக்கு மேல் ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேவைப்படுகிறார்கள். கோடு அதே வேகத்தில் ஏறியதாகத் தெரிந்ததற்குக் காரணம், பின்னால் இருந்து தள்ளுகிறவர்களின் கூட்டம் பெருகியது. தள்ளுகிற வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டாலும் மின்சாரம் வேண்டும், தொழிற்சாலை கட்ட வருஷங்கள் வேண்டும், சோதனைச்சாலையில் ஒரு சோதனை எடுக்கும் நேரத்தை அறிவால் மட்டும் குறைத்துவிட முடியாது. சுருங்குவது வெல்லுமா, கடினமாவது வெல்லுமா என்பதற்குப் பென்ரோஸ் கொடுத்ததுபோல் ஒரு தேற்றம் இங்கே கிடையாது.

அதனால் தேதிகளை நான் ஏற்பதில்லை. குட் போட்ட அந்த நிபந்தனையை மட்டும் ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். இயந்திரத்தைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்ற வேலைக்குச் சிங்குலாரிட்டி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. 2045-இல் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு படிக்க மாட்டேன் என்கிறான். என்ன சொல்வது? – ஒரு தாய், மதுரை

அம்மா, அவனிடம் கோபப்பட வேண்டாம். மேலே ஃபான் ஃபோர்ஸ்டர் கணக்கு இருக்கிறதே, அதை அவன் கையில் கால்குலேட்டரைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பயம் தானாகக் குறையும். அவனுக்கு ஏஐ பிடிக்கும் என்றால் நுண்கணிதமும் நிகழ்தகவும் அணிகளும்தான் அதற்கு வாசல். மூன்றும் அவன் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன.

கேள்வி: நிர்வாண சிங்குலாரிட்டி என்று ஒன்று இருக்கிறதாமே? – வாசகர், யாழ்ப்பாணம்

நிகழ்வெல்லை என்ற திரை இல்லாமல் வெளியே தெரியும் சிங்குலாரிட்டிக்கு அந்தப் பெயர். அப்படி ஒன்றை இயற்கை அனுமதிக்காது என்பது பென்ரோஸ் 1969-இல் வைத்த ஊகம். இன்றுவரை நிரூபணம் இல்லை. 1991-இல் ஹாக்கிங் இதை நம்பிப் பந்தயம் கட்டினார். எதிர்ப்பக்கம் இயற்பியலாளர்கள் கிப் தோர்னும் ஜான் ப்ரெஸ்கிலும். தோற்றவர் ஜெயித்தவருக்குப் பணத்தோடு, நிர்வாணத்தை மறைக்க ஒரு துணியும், அதில் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வாசகமும் பொறித்துத் தர வேண்டும். 1993-இல் மேத்யூ சாப்ட்விக் கணினியில் செய்த கணக்குகள், தொடக்க நிலைமையை மிகத் துல்லியமாக அமைத்தால் அப்படி ஒன்று உருவாகும் என்று காட்டின. 1997-இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு டிஷர்ட்டும் கொடுத்தார். கூடவே, இப்படிப் பார்த்துப் பார்த்து அமைக்காத சாதாரண நிலைமையிலும் உருவாகுமா என்று புதிதாகப் பந்தயம் கட்டினார். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கஜ் ஜோஷி பல பத்தாண்டுகள் உழைத்தது இந்தக் கேள்வியில்தான். இரண்டாவது பந்தயத்தில் இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.